போர்க்கப்பலின் பதக்கம்

ஏரியில் நின்ற சின்னப் பாய்மரப் போர்க்கப்பல், கொடிமரத்தில் தொங்கிய புதுப் பதக்கத்தைக் காட்டி நீர்க்காகத்திடம் அளந்துகொண்டிருந்தது.

"இருபது வருஷ சர்வீஸ். எதிரிக் கப்பல் ஒரே தடவைதான் வந்தது. ஒரே வேட்டு! சண்டையே நடக்கலை."

"பயந்து ஓடிடுச்சா?" என்றது நீர்க்காகம்.

கப்பலின் ஒற்றைப் பீரங்கி இருமிவிட்டுச் சொன்னது: "எங்கே ஓடுச்சு? ராஜா வந்தா வேட்டு, ராஜாவோட மச்சான் வந்தா வேட்டுன்னு மரியாதைக்கே வெடிச்சுப் பழகிட்டேன். அன்னைக்கும் குண்டு போட மறந்துட்டாங்க. எதிரித் தளபதி அதை வரவேற்புன்னு நினைச்சு, பதிலுக்கு ஒரு வேட்டுப் போட்டு, கரையிறங்கி விருந்து சாப்பிட்டு, அரண்மனையிலேயே தங்கிட்டான்."

"மரியாதையாப் பேசு!" கப்பல் அதட்டியது. "பதக்கம் கொடுத்த ராஜாவே அவர்தான்."