நமது நிருபர்

அவள் அனுப்பிய செய்தியில் மில்லின் பெயரே இல்லை.

‘தனியார் மில்’ என்றுதான் எழுதியிருந்தாள். பத்திரிகை வழக்கம் அது. பெரிய இடத்துப் பெயரெல்லாம் அச்சில் ‘தனியார்’ ஆகிவிடும்.

அதற்கும் ஆசிரியர் போனில் வந்துவிட்டார்.

“ஊருக்கு இருக்கிறதே ஒரு மில்லு. தனியார்னு போட்டாலும் நம்ம முதலாளி மில்லுன்னு சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்மா.”

பஞ்சுக் கிடங்கில் தீ. கதவு வெளியே பூட்டியிருந்தது. உள்ளே முப்பிடாதி. பத்தொன்பது வயது.

காலைப் பத்திரிகையில் இரண்டு வரி வந்தது. ‘இளம்பெண் திடீர் மரணம்.’

கிடங்கு இல்லை. பூட்டு இல்லை. தீகூட இல்லை.

அடியில் மட்டும் ‘நமது நிருபர்’ என்று இருந்தது. அவள்தான் அந்த நிருபர். பார்க்கப் பார்க்க உடம்பு கூசியது.

எதிர்ப் பத்திரிகையில் இருந்த தோழியைக் கூப்பிட்டு, நீயாவது போடு என்று கெஞ்சினாள். தோழி போனை வைத்துவிட்டாள். அந்தப் பத்திரிகையையும், மாவட்டத்தில் மிச்சமிருந்த இன்னொன்றையும் போன மாதமே அதே முதலாளி வாங்கியாயிற்று.

மூன்று பத்திரிகை, ஒரே வாய். அதுவும் சாப்பிட மட்டும் திறக்கிற வாய்.

மத்தியானம் முப்பிடாதியின் அப்பா குருவையா வந்தார். கையில் மகளின் போட்டோ. கண்ணீர் அஞ்சலி விளம்பரம் கொடுக்க வேண்டுமாம்.

சின்ன ஊர் நிருபர் என்றால் செய்தியும் அனுப்ப வேண்டும், விளம்பரமும் பிடிக்க வேண்டும்.

தோற்றம் என்று எழுதித் தேதி போட்டாள்.

மறைவு என்று எழுதித் தேதி போட்டாள்.

அவர் எட்டிப் பார்த்தார்.

“எம் மக எங்க கெடந்து செத்தாள்னு போட எடம் இருக்காம்மா?”

இருந்தது.

செய்தியைத் திருத்த ஆசிரியர் உண்டு. கண்ணீர் அஞ்சலியை யாரும் படித்துப் பார்ப்பதில்லை. படமும் பெயரும் மாறாமல் இருந்தால் போதும்.

மறைவுக்குக் கீழே மில்லின் பெயரை முழுசாக எழுதினாள். பஞ்சுக் கிடங்கு என்று எழுதினாள். வெளியே பூட்டிய கதவு என்று எழுதினாள்.

வேலை போய்விடும். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான்.

முதலாளி புதிதாகக் கொண்டுவந்த சலுகை ஒன்று நினைவுக்கு வந்தது. ஒன்றில் விளம்பரம் கொடுத்தால் மூன்றிலும் வரும்.

‘மூன்றிலும்’ என்று குறித்தாள். மகராசன், நன்றாக இருக்கட்டும்.

துயரத்தில் யார் யார் பெயரைப் போட வேண்டும் என்று கேட்டாள். அவர் வீட்டுப் பெயர்களைச் சொன்னார். அவர் சொல்லி முடித்த பிறகும் அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மூன்று பத்திரிகையிலும் முப்பிடாதி சிரித்தாள்.

படத்துக்குக் கீழே மறைவு, மில், கிடங்கு, பூட்டு. அதற்கும் கீழே, துயரத்தில் வாடும்:

தந்தை குருவையா.

தாய் பேச்சியம்மாள்.

தம்பி காளிராஜ்.

நமது நிருபர்.