இலை போடும் கடை

பிளேட்டைப் பார்த்ததும் குமாரதாஸின் முகம் சுருங்கிவிட்டது.

"இலை இல்லியா?" என்று சப்ளையரிடம் கேட்டான். அவர் இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

ஜெப்சனுக்குச் சிரிப்பு வந்தது. இராஜாக்கமங்கலம் ரோட்டில் புதிதாகத் திறந்த கடை. ஏசி உண்டு, கண்ணாடிக் கதவு உண்டு, சுடச்சுட பிரியாணியும் நெய்மீன் வறுவலும் உண்டு. இவனுக்கு வாழையிலை இல்லாததுதான் கவலை.

ஜெப்சன் பதினெட்டு வருஷம் ஷார்ஜாவில் ஒரு ஓட்டலில் இருந்தவன். லீவுக்கு வரும்போதெல்லாம் பள்ளிக்கூட நண்பர்களான குமாரதாஸும் பிரதீஷும் அவனைச் சாப்பிட அழைத்துப் போவார்கள். முன்பெல்லாம் எந்தக் கடைக்கும் போவதுண்டு. கடைசிப் பத்து வருஷமாக ஒரே கடைதான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், இலை போட்டுச் சோறும் மீன்குழம்பும் தருகிற கடை. இலையில் சாப்பிட்டால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும் என்பான் குமாரதாஸ். ஒரு பிரியாணி வாங்கித்தர மனமில்லாத கஞ்சன் வேறு என்ன சொல்வான் என்று ஜெப்சன் எப்போதோ முடிவு கட்டியிருந்தான்.

இப்போது ஷார்ஜாவை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டான். இன்று ஞாயிற்றுக்கிழமை. இலைக் கடைக்காரர் மகளுக்குக் கல்யாணம், கடைக்குப் பூட்டு. சர்ச் முடிந்து வந்த பசியில் ஜெப்சன்தான் வண்டியை இந்தப் பக்கம் திருப்பினான்.

உட்கார்ந்ததிலிருந்து அவன் வாய் ஓயவில்லை. டம்ளரை விளிம்பில் பிடித்துக் கொண்டுவந்தது குற்றம். வெங்காயத் தட்டைக் கைக்கு எட்டாமல் வைத்தது குற்றம்.

"எங்க ஓட்டல்ல ஒருத்தன் எழும்பிக் கை கழுவிட்டு வாறதுக்குள்ள மேசை தொடச்சு மினுங்கும், கேட்டியா."

எங்க ஓட்டல் என்று சொல்லும்போது குரல் தானாகவே கனத்துவிடும். ஊருக்கு அவன் அந்த ஓட்டலின் மேனேஜர். கோட்டுப் போட்டு எடுத்த ஒரு போட்டோவை அனுப்பி வைத்தான், மிச்சத்தை ஊரே சொல்லிக்கொண்டது. மனைவி பிரிஜா அதைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள். உண்மையான மேனேஜரிடம் ஐந்து நிமிஷத்துக்கு இரவல் வாங்கிய கோட்டு அது. அதன் கை அவன் மணிக்கட்டுக்கு மூன்று விரல் மேலேயே நின்றுபோனதை இதுவரை யாரும் கேட்கவில்லை. யாராவது கேட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது என்ற பயம் மட்டும் அவனுக்கு ஒரு நாளும் விட்டதில்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால் குமாரதாஸ், மச்சினனைப் பார்க்க ஷார்ஜா வந்தான். "நேரம் கெடைக்கல மக்கா" என்று போனில் சொல்லிவிட்டு அப்படியே ஊர் திரும்பிவிட்டான். அன்றைக்குத்தான் ஜெப்சனுக்குப் போன உயிர் வந்தது. இருந்தாலும் அதைச் சொல்லிக்காட்டாமல் அவன் எந்தச் சாப்பாட்டையும் முடித்ததில்லை. இன்றும் சொன்னான். வந்திருந்தால் நடு மேசையில் உட்காரவைத்து ராஜ உபசாரம் செய்திருப்பானாம்.

குமாரதாஸ் மீனில் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டான்.

மூவரும் கை கழுவி வந்து டீ சொன்னார்கள். மேசை அப்படியே கிடந்தது. சப்ளையர் எதிர் மூலையில் ஒரு பெரிய குடும்பத்திடம் மாட்டிக்கொண்டிருந்தார்.

ஜெப்சன் ஓர் அரபிக்காரர் தன் கையைப் பிடித்துப் பாராட்டிய கதையைத் தொடங்கினான். வாய் கதையில் இருந்தது. கை சும்மா இருக்கவில்லை. மூன்று பிளேட்டின் முள்ளும் எலும்பும் ஒரே பிளேட்டுக்கு வந்தன. ஒரு பிளேட்டு இடது உள்ளங்கையில் உட்கார்ந்தது, ஒன்று மணிக்கட்டில், ஒன்று முழங்கை மடிப்பில். வலது கை தோளில் இல்லாத துண்டை ஒருமுறை தேடிவிட்டு, மூன்று டம்ளர்களையும் ஒரே பிடியில் அள்ளிக்கொண்டது. அரபிக்காரர் பாராட்டி முடிப்பதற்குள் அவன் எழுந்து சமையலறைப் பக்கம் ஆறேழு அடி நடந்துவிட்டான்.

அப்புறம்தான் நின்றான்.

கடை முழுவதும் அவனைப் பார்த்தது. சப்ளையர் எல்லோரையும்விட நன்றாகப் பார்த்தார். அந்தத் தொழிலில் இருப்பவருக்கு அந்தக் கை போதும்.

சும்மா செய்து காட்டினேன் என்று சொல்லலாம். வேலைக்கு வரும் பயல்களுக்குச் சொல்லிக்கொடுத்து வந்த பழக்கம் என்றும் சொல்லலாம். பதினெட்டு வருஷம் பொய் சொல்லிப் பழகிய வாய், வேண்டிய நேரத்தில் ஒட்டிக்கொண்டது. பிரதீஷ் போனை எடுத்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டான்.

குமாரதாஸ் எழுந்து பக்கத்தில் வந்தான். ஜெப்சனின் விரல்களிலிருந்து டம்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வாங்கிக்கொண்டான்.

"ஷார்ஜாவுல நீ அஞ்சு பிளேட்டு எடுத்தேல்லா மக்கா," என்றான், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "இங்க மூணுக்கே நின்னுட்டியா?"

ஜெப்சன் தன் கையிலிருந்த பிளேட்டுகளைப் பார்த்தான்.

இலை என்றால் மடித்துவிட்டு எழுந்துவிடலாம். பத்து வருஷமாக, லீவுக்கு லீவு, அந்தக் கஞ்சன் அவனை அப்படித்தான் எழும்ப வைத்திருந்தான்.