பிளேடுக்கு ஓர் உறை

ஐஸ் அரங்கின் மரப்பெஞ்சில் குனிந்து உட்கார்ந்து, மகள் ஹில்லாவின் ஸ்கேட்டிங் ஷூ பிளேடுக்கு உறை தைத்துக்கொண்டிருக்கிறார் டாபியோ. பழைய குளியல் துண்டில் வெட்டிய நீலத் துணி. ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பிளேடு துருப்பிடிக்காது. நேற்றே முடித்திருக்கலாம். வேண்டுமென்றே இன்றைக்கு மிச்சம் வைத்தார். போன குளிர்காலத்தில் கணுக்காலை முறித்த அதே தாவலை ஹில்லா இன்று மறுபடி தாவப் போகிறாள். அதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. கை அதுபாட்டுக்குத் தைக்கிறது, காது மட்டும் ஐஸின் மேல். சர்ரென்று நெருங்கி வரும் சத்தம் சட்டென்று அறுகிறது. ஊசி நிற்கிறது. பிறகு ஒரே ஒரு கிரீச். சறுக்கும் ஓசை மறுபடி நீள்கிறது. விழவில்லை. மூச்சை விட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறார்.

"அப்பா, பாத்தியா?" மூக்கு சிவக்க ஓடிவந்து பக்கத்தில் உட்காருகிறாள்.

"பாக்காம? பிரமாதம்!"

"பொய். உன் வழுக்கைதான் எனக்குத் தெரிஞ்சுது. சரி, உறையக் குடு."

எடுத்து நீட்டுகிறார். அவர் கால்சட்டையும் கூடவே எழும்பி வருகிறது. இரண்டையும் சேர்த்துத் தைத்திருக்கிறார். ஹில்லா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். சிரித்தபடியே ஈரம் சொட்டும் காலைத் தூக்கி அவர் மடியில் வைக்கிறாள். அவர் ஸ்வெட்டர் கையால் பிளேடைத் துடைத்து, கால்சட்டையோடு ஒட்டியிருக்கும் உறைக்குள்ளேயே நுழைக்கிறார். முறிந்து கூடிய கணுக்கால் உள்ளங்கையில் கதகதப்பாக இருக்கிறது. விட மனமில்லை.

"இப்ப வீட்டுக்கு எப்படிப்பா போறது?"

"என்ன அவசரம்?"