ஒருமனதாக, ஒருவரைத் தவிர

"அந்த அக்காவை விட்டா நம்ம கிளப்புக்கு வேற நாதியே இல்ல!"

நர்ஸ் மேசையில் குத்திய குத்தில் மூக்குக் கண்ணாடி ஃபிரேம்கள் மூன்று கீழே விழுந்தன. அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

கண்ணாடிக் கடையின் கண் பரிசோதனை அறையில் கால்பந்து ரசிகர் மன்றத்தின் அவசரக் கூட்டம். கடைக்காரர்தான் மன்றத் தலைவர். பரிசோதனைக்கு வருபவர்கள் உட்காரும் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். முக்கியமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் காலால் பெடலை மிதித்துத் தன்னை நாலு அங்குலம் உயர்த்திக்கொள்வார்.

சிவப்புச் சட்டை அணி வரிசையாக ஒன்பது ஆட்டம் தோற்றதில் பழைய மேனேஜர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டார். ரசிகர்களின் வசவு தாங்காத கிளப் முதலாளி, "பகல் பன்னிரண்டுக்குள்ள நீங்களே ஒரு பேரை எழுதிக் கொடுத்துத் தொலைங்க, அவரையே போட்டுடறேன்" என்று போனில் கத்திவிட்டார். இன்னும் நாலு ஆட்டம் தோற்றால் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும்.

மேனேஜர் பதவிக்குக் களத்தில் இரண்டே பேர். ஒருவர், கிளப்பின் இளையோர் அணிக்குப் பதினோரு வருடமாகப் பயிற்சி கொடுக்கும் அக்கா. அவரிடம் இருந்த பையன்கள் மூன்று முறை கோப்பை வாங்கியிருக்கிறார்கள்.

இன்னொருவர், டி.வி.யில் ஆட்டம் முடிந்ததும் பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கும் 'புரொஃபசர்'. நாலு அணிகளுக்கு மேனேஜராக இருந்தவர். நாலும் கவிழ்ந்தன. ஆனால் ஏன் கவிழ்ந்தன என்று அவர் விளக்கியதைப் போல இதுவரை யாரும் விளக்கியதில்லை.

"உங்களுக்கு ஃபுட்பால் தெரியாது சார்," என்றாள் நர்ஸ், தலைவரை நேராகப் பார்த்து.

தலைவரைப் பார்த்து 'உங்களுக்குத் தெரியாது' என்று தொடங்கிய எந்த யோசனையும் இந்த மன்றத்தில் தேறியதில்லை. செயலாளர் என்ற முறையில் அத்தனை கூட்டக் குறிப்புகளையும் எழுதியவளே அவள்தான். ஆவேசத்தில் மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

பெடல் அழுந்தியது. தலைவர் உயர்ந்தார். "எனக்கா தெரியாது? முப்பது வருஷமா ஊருக்கே பார்வை கொடுக்கிறவன்மா நான்!"

"பார்வை வேற, ஆட்டம் வேற சார்."

பஸ் டிரைவர் தலையைச் சொறிந்தார். "இல்ல தலைவரே, அந்தப் பொண்ணும் நல்லாத்தான் பண்ணுது. யோசிச்சுப் பார்த்தா..."

"பாருங்க சார்!" நர்ஸ் துள்ளினாள். "டிரைவர் அண்ணனுக்கே புரியுது, உங்களுக்குப் புரியலையே!"

"எனக்கேவா? அப்ப நான் என்ன மடையனா?" டிரைவர் அந்த நொடியே புரொஃபசர் கட்சிக்குத் தாவினார்.

மருந்துக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ரசித்தார். "நேத்து டி.வி.யில புரொஃபசர் என்னமா பேசினார்! இருபது நிமிஷம். எனக்கு ஒரு வரி புரியல. அவ்வளவு பெரிய ஆளு!"

"அந்தம்மா பேசறது எல்லாருக்கும் புரிஞ்சுடுதே," என்றார் தலைவர். "அப்புறம் எங்கேருந்து மரியாதை வரும்?"

"சார், நாம கூப்பிடலைன்னா நம்ம எதிரி கிளப், அந்த நீலச் சட்டைக்காரங்க அக்காவைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. ரெண்டு தடவை கேட்டும் பார்த்துட்டாங்க. 'என் கிளப்பே என்னை வேண்டாம்னு சொன்னாத்தான் வேற இடத்தைப் பத்திப் பேசுவேன்'னு அக்கா பிடிவாதமா இருக்காங்க!"

"போகட்டுமே! அவனுங்க தரத்துக்கு அது போதும்." தலைவர் இன்னொரு மிதி மிதித்தார். தலை கூரை விளக்கில் இடித்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "புரொஃபசருக்கு யார் யார்? கையைத் தூக்குங்க," என்றார்.

எட்டுப் பேர் கூட்டத்தில் ஏழு கைகள் எழுந்தன.

நர்ஸ் நோட்டைப் பிரித்துத் தேம்பிக்கொண்டே எழுதினாள். "அக்காவை வேண்டாம்னு தள்ளினதையும் எழுத்துல போட்டுக் கையெழுத்துப் போடுங்க சார். அந்தத் தைரியம் இருக்கா உங்களுக்கு? நாளைக்கு நாலு பேர் கேட்பாங்க!"

"தைரியமா? கொட்டை எழுத்தில எழுதும்மா! ரெண்டு பிரதி எழுது!"

'இளையோர் அணிப் பயிற்சியாளர் எந்தக் காலத்திலும் நம் கிளப்புக்கு மேனேஜராகத் தகுதியற்றவர்' என்று அவள் எழுதினாள். தலைவர் இரண்டு பிரதியிலும் பேனா முனை மடங்கக் கையெழுத்திட்டார். பதினொன்றே முக்காலுக்கு ஒரு பிரதியுடன் டிரைவர் முதலாளி வீட்டுக்குப் பறந்தார்.

இன்னொரு பிரதியை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி நர்ஸ் படியிறங்கினாள்.

"பாவம், விசுவாசம் இருக்கு, விவரம் பத்தல," என்று தலைவர் மற்றவர்களிடம் பெருந்தன்மையாகச் சொன்னார்.

தெருமுனை திரும்பியதும் நர்ஸ் போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே மறுமுனையில் குரல் கேட்டது.

"அக்கா, உங்க கிளப் உங்களை வேண்டாம்னு கையெழுத்தே போட்டுக் கொடுத்துடுச்சு, எங்க நீலச் சட்டைக்கு எப்ப வர்றீங்க?"