வட்டத்தில் ஓர் இடம்

செந்நாய்கள் வந்தால் காட்டெருமைகள் வட்டமாக நின்றுகொள்ளும். கன்றுகள் நடுவில் இருக்கும், கொம்புகள் வெளியே பார்த்திருக்கும். அந்த வட்டத்தை எந்த நாயும் உடைத்ததில்லை.

ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஓர் எருமை தன் கன்றோடு வந்தது. "அங்கே நாய்கள் எங்களைத் துரத்துகின்றன. எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அண்ணே. எனக்கும் கொம்பு இருக்கிறது."

"தாராளமாகச் சேரலாம், தாயி," என்றது மூத்த காளை. "முதலில் எங்களைப் போல நிற்கப் பழகு."

எருமை நிற்கப் பழகியது, முட்டவும் பழகியது. காளை மெச்சிக்கொண்டது.

"எல்லாம் சரி, ஒன்றுதான் பாக்கி. நாய் துரத்துகிற யாரையும் நாங்கள் உள்ளே விடுவதில்லை. விட்டால் அந்தச் சண்டை எங்களுடையதாகிவிடும். உன்னைத் துரத்தும் நாய்கள் போகட்டும், அப்புறம் வா."

"அவை போய்விட்டால் நான் எதற்கு அண்ணே இங்கே வரப்போகிறேன்?"

காளை அசைபோட்டது. எருமை கன்றோடு அக்கரைக்கே போனது.

மழை பிடித்த ஒரு காலையில் எருமை திரும்பி வந்தது. "நாய்கள் பசியாறிப் போய்விட்டன, அண்ணே."

வட்டம் சந்தோஷமாக விலகி வழிவிட்டது. "நடுவில் உன் கன்றுக்கும் இடம் விட்டிருக்கிறோம். கூப்பிடு," என்றது காளை.

எருமை யாரையும் கூப்பிடவில்லை. பழகியபடியே கொம்பை வெளியே திருப்பி நின்றது.