சத்தம் வராத பாடம்

விண்டோஸ் போட்ட கணினியை வீட்டுப் படி ஏற்றமாட்டேன் என்று சபதம் போட்டவர் தணிகைவேல். தன் லினக்ஸ் கணினியில் புல்லாங்குழல் பாடங்களை இறக்கி வைத்துக்கொண்டு, குடியிருப்பு ஆண்டு விழாவில் வாசிக்கப்போவதாக லிஃப்டில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியும் விட்டார். பாடத்தில் படம் ஓடியது, சத்தம்தான் வரவில்லை. அதை வரவழைக்க எட்டு மாதமாகக் கட்டளை மேல் கட்டளையாகத் தட்டிக்கொண்டிருந்தார். வாங்கிய குழலை அவர் உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

அவர் தூங்கும் மதியங்களில் அவர் மனைவி பிரபாவதி அதை எடுத்தாள். ஊமைப் படத்தில் ஆசிரியையின் விரலையும் உதட்டையும் பார்த்துப் பார்த்து ஊதிப் பழகினாள். ஊதுவது சரிதானா என்று சொல்லத்தான் ஆளில்லை.

இன்று அவர் எழுந்து முன்னறையில் மூன்றாம் பாடத்தை ஓடவிட்டது தெரியாமல், சமையலறையில் அதையே ஊதிக்கொண்டிருந்தாள்.

"பிரபா, சத்தம் வந்துடுச்சு. இங்க வந்து கேளேன்." அவர் முன்னறையிலிருந்து கத்தினார். "அந்தம்மா என்ன சுத்தமா வாசிக்கிறாங்க பாரு. லினக்ஸ்னா சும்மாவா?"

பிரபாவதி குழலை உதட்டிலிருந்து எடுக்கவில்லை. பதில் சொல்ல வாய் ஒழியவில்லை. அடுத்த வரியை இன்னும் கொஞ்சம் பலமாக ஊதினாள்.