காலி அட்டைகள்

"குரல் எதுவும் கேக்கலைன்னு மட்டும் சொல்லிடு கண்ணு. வேற ஒண்ணும் பேச வேண்டாம்," என்றாள் அம்மா, மகளின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டே.

"கேட்டா?" என்றாள் அக்கா.

"கேட்டாலும் கேக்கலைன்னு சொல்லு."

பக்கத்து நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்திருந்த தம்பி சிரித்தான். "டாக்டரை ஏமாத்த டியூஷனா? இந்தப் பரீட்சையில காப்பி அடிச்சா மார்க் வராதும்மா."

"நீ வாயை மூடிக்கிட்டு சும்மா இருடா."

மனநல ஆய்வுப் பிரிவின் தாழ்வாரத்தில் அவர்களுக்கு முன்னால் இன்னும் ஒருவர்தான் இருந்தார். அக்காவுக்கு முப்பத்தொரு வயது. ஒன்பது வருடமாக அவள் காதுக்குள் ஓர் ஆள் பேசிக்கொண்டே இருக்கிறான். கடையில் கிடைக்கிற மாத்திரைகள் எல்லாம் அவளை எச்சில் ஒழுகத் தூங்க வைத்தனவே தவிர, அவனைத் தூங்க வைக்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன் ஒரு புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். அது எந்தக் கடையிலும் கிடைக்காது. இன்றைய கேள்விகளில் அவள் மதிப்பெண் எழுபதுக்குக் கீழே இறங்கியிருந்தால் இன்னும் இரண்டு வருடத்துக்கு மாத்திரை வரும். நோய் குறையக் குறைய மதிப்பெண்ணும் குறையும் என்பது கணக்கு. குறையவில்லை என்றால் இன்றோடு சரி.

"அக்கா, என்னைக் கேட்டா மாத்திரையாவது மண்ணாங்கட்டியாவது," என்றான் தம்பி. "போன வருஷம் நானும்தான் ரெண்டு மாசம் கதவைச் சாத்திக்கிட்டுக் கிடந்தேன். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன்? நானா எந்திரிச்சு வரலை? திங்கக்கிழமை வேலையில சேரப் போறேன். எல்லாம் மனசு உறுதி."

"சரிங்க, மனசு உறுதிச் சிங்கம்," என்றாள் அக்கா.

மூன்று பேரும் சிரித்தார்கள். அம்மாதான் முதலில் நிறுத்தினாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். தம்பி வெளியே இருந்துகொண்டான். டாக்டர் மேசை மேல் முப்பது கேள்விகள் அச்சடித்த தாளை விரித்து வைத்திருந்தார். எல்லாரிடமும் கேட்கிற அதே கேள்விகள், அதே வரிசை.

"இந்த ஒரு வாரத்துல, பக்கத்துல ஆள் இல்லாதப்ப யாராவது பேசற மாதிரி கேட்டுச்சா?"

அக்கா தலையை இடப்பக்கமாகச் சாய்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "கேக்கலை," என்றாள்.

"யாராவது உனக்குக் கெடுதல் செய்யப் பாக்கறாங்கன்னு தோணுதா?"

மறுபடியும் தலை சாய்ந்தது. "தோணலை."

டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார். "ஒவ்வொரு பதிலுக்கும் முன்னாடி யார் பேச்சைக் கேட்டுக்கறே?"

"அதைச் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

அம்மா கண்களை மூடிக்கொண்டாள்.

"அம்மா திட்ட மாட்டாங்க. சொல்லு. இப்ப அவன் என்ன சொல்றான்?"

"'பென்சிலைக் கீழே வெச்சுட்டாங்க. மாட்டிக்கிட்டே. உங்க அம்மா அழப் போறாங்க'ன்னு சொல்றான்." அக்கா திரும்பினாள். "அடக்கித்தான் பாத்தேம்மா. ரொம்பச் சத்தமா பேசறான்."

முப்பது கேள்விகளும் முடிந்தன. டாக்டர் கூட்டினார். நம்பிக்கை இல்லாமல் இன்னொரு முறை கூட்டினார்.

"ஆறு மாசம் முன்னாடி தொண்ணூத்திரெண்டு. இன்னைக்குத் தொண்ணூத்தி நாலு."

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் தெரியும்னு நீங்கதானே சொன்னீங்க டாக்டர்! வீட்ல சிரிக்கறா, சாப்பிடறா. இன்னும் ஒரே ஒரு மாசம் குடுங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

சொன்னதோடு நிற்காமல் அம்மா நாற்காலியை விட்டு இறங்கியே விட்டாள். டாக்டர் பதறி எழுந்து வந்து தூக்கி உட்கார வைத்தார்.

"எனக்கும் வருத்தமாத்தான் இருக்கும்மா. இதே மாத்திரையில நாலஞ்சு பேர் ஆளே மாறிப் போயிருக்காங்க. உங்க மேல ஒரு குத்தமும் இல்லை. மாசாமாசம் மாத்திரை தீர்ந்த காலி அட்டைகளைக் கொண்டாந்து எண்ணிக் காட்டினீங்க. ஒரு நாள்கூட விட்டுப் போகலை. இவ்வளவு ஒழுங்கா சாப்பிட்டும் குணம் தெரியலைன்னா, இந்த மருந்து இவளுக்குப் பலிக்கலைன்னுதான் நான் எழுதணும்."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தம்பி கதவைத் திறந்து தலையை நீட்டினான்.

"என்னாச்சும்மா? ஏன் அழறே?"

அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

"குடும்பத்துல வேற யாருக்கும் இந்த நோய் இல்லைன்னு முதல் நாளே எழுதிக் குடுத்தீங்க. அதுவே பெரிய விஷயம்," என்றார் டாக்டர், அவனைப் பார்த்து. "இவ்வளவு தெளிவா ஒரு பிள்ளை இருக்கான். இவனைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

"அப்ப மாத்திரை?" என்றான் தம்பி.

"இன்னையோட நிறுத்தறோம்."

"விடுங்க டாக்டர். இருந்தப்ப மட்டும் என்ன கிழிச்சுது? அம்மா, நீ கண்ணைத் துடை. நான் போய் வண்டி பிடிச்சிட்டு வரேன்." அவன் படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கும் சத்தம் கேட்டது.

தாழ்வாரத்து நாற்காலியில் அம்மா சரிந்து உட்கார்ந்தாள். அழுகைகூட நின்றுவிட்டது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். காதுக்குள் பேசுகிறவன் மூச்சு விடும்வரை காத்திருந்து, மெல்லச் சொன்னாள்:

"ஆறு மாசமா என் மாத்திரையைத் தம்பியோட பால்ல கரைச்சுக் குடுத்து, அவனுக்குக் கேட்ட குரலை நிறுத்தி வெச்சிருந்தே. நாளையிலருந்து என்னத்தைம்மா கரைப்பே?"